“எல்லாம் டி ட்ரைவில்தான் இருக்கிறது” என்றேன்



நான் பாடசாலையில் இஸ்லாமும் அரபு மொழியும் கற்பிக்கும் ஒரு மௌலவி ஆசிரியர். கொம்பியூட்டரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நான் எண்ணவில்லை. ஆனாலும் 2022ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தை எழுதினால் இன்னும் நாலு வீடுகளுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்று எனது மனைவி சொன்னார். அதில் பிழை செய்தவன் நான், நட்டப்பட்டவர் அவர். அவரே எழுதச் சொன்ன பிறகு மறைப்பதற்கு எதுவுமில்லை.

நாங்கள் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். திருமணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் போய்க் குடியிருப்பது எங்கள் பகுதியின் வழக்கம். நான் போகும்போது கொண்டுபோன சொத்து, அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் சேர்த்த இரண்டு பெட்டி கிதாபுகள் மட்டுமே. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றபோது, எனது மாமி தனது பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்த அலுமாரியை ஒழித்து, “மருமகன், உங்கட கிதாபுகள இதில வைங்க” என்றார். கோப்பைகள் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் போயின. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. அதன் வன்தட்டு 500 கிகாபைட். விண்டோஸ் அதை 465 என்றுதான் கணக்குக் காட்டும். விற்றவர் அதை இரண்டாகப் பிரித்து, சி ட்ரைவுக்கு 100 கிகாபைட்டும், மீதியை டி ட்ரைவுக்கும் கொடுத்திருந்தார். ஒரு பெரிய அறைக்கு நடுவே பலகை அடித்து, சின்ன அறை ஒன்றும் பெரிய அறை ஒன்றுமாக ஆக்கியது போன்றது இது. சின்ன அறையில் விண்டோஸ் குடியிருந்தது. பெரிய அறை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

அந்த ஒரு இயந்திரத்தை மூன்று பேர் பாவித்தோம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் அதில்தான் வகுப்புகளைப் பார்த்தாள். அவள் எடுத்த பாடங்களில் ஒன்று தகவல் தொழில்நுட்பம். அந்த ஆர்வத்தில், உம்மாவுக்கு எக்ஸலில் ஒரு கணக்குப் பட்டியல் செய்து கொடுத்தாள். எனது மனைவி வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். யார் எத்தனை துணி தந்தார், எவ்வளவு முற்பணம் தந்தார், எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் முன்பு கொப்பியில் எழுதி வந்தார். மகள் காட்டிக் கொடுத்த பிறகு எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் பதிந்தார். கூட்டல் தானாக வருகிறதே என்று அவருக்கு மிகவும் சந்தோசம். கொரோனாக் காலத்தில் கையில் காசில்லாமல் பலர் கடனுக்குத் தைத்தார்கள். அந்த இரண்டு வருடக் கடன்களும் அந்த ஒரு பட்டியலில்தான் இருந்தன. எழுதிய பட்டியலை அவர் தேடாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருந்தார். அதாவது, திரையைத் திறந்ததும் முன்னால் தெரியும் டெஸ்க்டொப்பில்.

மூன்றாவது ஆள் நான். எனது நண்பரான ஒரு மௌலவி, ‘அல்மக்தபா அஷ்ஷாமிலா’ என்ற அரபு நூலகத்தை எனக்குக் கொண்டுவந்து தந்தார். ஆயிரக்கணக்கான கிதாபுகளை ஒன்றாகச் சேர்த்த இலவச மென்பொருள் அது. நாங்கள் ஓதிய காலத்தில் ஒரு ஹதீஸ் எந்தக் கிதாபில் இருக்கிறது என்று தேடுவதற்கு அஸருக்குப் பின் உட்கார்ந்தால் இஷா வரை பக்கம் புரட்ட வேண்டும். இதிலோ ஒரு சொல்லைத் தட்டினால் போதும். அந்தச் சொல் வரும் இடங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சந்தோச மிகுதியில் அன்றிரவே அதை நிறுவினேன்.

நிறுவும்போது திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அமத்திக்கொண்டே போனேன். எழுத்தைப் பாராமல் ஓதும் மாணவனை நிறுத்தி, “கண்ணை எழுத்தில் வை” என்று கண்டிக்கிறவன் நான். எனக்கு முன்னால் வந்த எழுத்தை நான் பார்க்கவில்லை. எங்கே வைப்பது என்று கேட்ட பெட்டியும் அதில் ஒன்று. நான் பதில் சொல்லாததால், அது வழக்கம்போல சி ட்ரைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏற்கனவே விண்டோஸும், ஒபிஸும், மகளின் வகுப்பு வீடியோக்களும் நிறைந்திருந்த சின்ன அறை அது. பல கிகாபைட் கிதாபுகளும் உள்ளே வந்ததும் இடம் முடிந்துபோயிற்று. சி ட்ரைவின் கோடு சிவப்பாகிவிட்டது. இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தது. ஒரு கடிதத்தைத் திறக்க ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் எடுத்தது.

அது 2022 மார்ச் மாதக் கடைசி. அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலம். ரூபாவின் பெறுமதி சரிந்து, புதிய லெப்டொப் என்பது நினைத்தும் பார்க்க முடியாத விலைக்குப் போய்விட்டது. மகளுக்கு மே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை. ஏப்ரல் தொடக்கத்தில் ரமழான். பெருநாள் உடுப்புகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இருக்கும் இயந்திரத்தை எப்படியாவது நானே சரிசெய்துவிட வேண்டும் என்று எண்ணினேன். மகள் தூங்கியிருந்தாள். அவளை எழுப்பிக் கேட்பது ஒரு வாப்பாவுக்கு அழகல்ல என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வீம்புதான் முதல் பிழை.

சி ட்ரைவைத் திறந்தேன். ‘புரோகிராம் பைல்ஸ்’ என்றொரு கோப்புறை இருந்தது. மென்பொருள்களெல்லாம் இதற்குள்தானே இருக்கின்றன, இதை அப்படியே வெட்டி டி ட்ரைவில் ஒட்டிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அலுமாரியை ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குத் தூக்கி வைப்பதைப் போல. இயந்திரம் அனுமதி கேட்டது, கொடுத்தேன். சில கோப்புகள் பாவனையில் இருப்பதால் நகர்த்த முடியாது என்றது. அவற்றை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னேன். பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஒபிஸைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் திருப்பத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. லெப்டொப்பின் பெட்டரி ஏற்கனவே பழுது. திரை இருண்டது. மின்சாரம் வந்த பிறகு விண்டோஸ் எழும்பவேயில்லை.

மறுநாள் அதைத் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி நல்ல பிள்ளை. பார்த்துவிட்டு, “மௌலவி, சி ட்ரைவ அழிச்சுப்போட்டு விண்டோஸப் புதுசா ஏத்தத்தான் வேணும். டி ட்ரைவத் தொட மாட்டன். சியில முக்கியமான சாமான் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

எனது பரீட்சை வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் டி ட்ரைவில்தான் இருந்தன. மகளின் குறிப்புகளும் அங்கேதான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆகவே சற்றும் யோசிக்காமல், “இல்லை, எல்லாம் டி ட்ரைவில்தான் இருக்கிறது” என்றேன்.

சகோதரிகளே, ‘எல்லாம்’ என்று நான் சொன்னபோது எனது மனைவியின் சாமான் எனது நினைவிலேயே வரவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லெப்டொப் வீட்டுக்கு வந்தது. நன்றாக வேலை செய்தது. நான் பெருமையோடு மேசையில் வைத்தேன். மனைவி திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதில முன்னால இருந்த என்ட கணக்கு எங்க?” என்று கேட்டார். நான் டி ட்ரைவில் தேடினேன். மகளும் வந்து தேடினாள். மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: “வாப்பா, டெஸ்க்டொப்பில வைக்கிறது எல்லாம் சி ட்ரைவிலதான் இருக்கும்.”

முன்னால் தெரிகிறதே தவிர, டெஸ்க்டொப் என்பது தனி இடமல்ல. அதுவும், ‘டொகியூமென்ட்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்பனவும், நாம் மாற்றாதவரை சி ட்ரைவில் பாவனையாளரின் பெயரில் இருக்கும் கோப்புறைகளே. இது எனக்குத் தெரியாது. திருத்துபவரிடம் திரும்ப ஓடினேன். அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். சில பெயர்கள் வந்தன; உள்ளே ஒன்றுமில்லை. “அதுக்கு மேல விண்டோஸ எழுதியாச்சே மௌலவி” என்றார். ஒரு கோப்பு தவறுதலாக அழிந்தால் அந்த நிமிடமே இயந்திரத்தைப் பாவிப்பதை நிறுத்த வேண்டும், அதன்மேல் புதிதாக எழுத எழுத மீட்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் அன்றுதான் படித்தேன்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்ற குர்ஆன் வசனத்தை வருடாவருடம் வகுப்பில் விளக்குகிறவன் நான். எழுதி வைத்த ஒருவரின் எழுத்தை அழித்துவிட்டு அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம், மகளுக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்ததுதான். அவள் சொல்லித் தந்தவற்றையும், பின்னர் நானே செய்து பழகியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் எல்லாம் சி ட்ரைவுக்கே போகின்றன? ஏ, பி என்ற எழுத்துகள் எங்கே? 1981இல் ஐபிஎம் கம்பனியின் பர்சனல் கொம்பியூட்டர் வந்தபோது அதில் வன்தட்டு இருக்கவில்லை. பிளொப்பி எனும் மெல்லிய தட்டுகளைப் போடும் இடங்களுக்கே ஏ, பி என்ற எழுத்துகள் போயின. 1983இல் அதே கம்பனியின் எக்ஸ்டி என்ற இயந்திரம் 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. அடுத்த எழுத்தாகிய சி அதற்குக் கிடைத்தது. பிளொப்பி மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் அங்கே இருப்பதால், நாம் வேறு இடம் சொல்லாவிட்டால் மென்பொருளும் அங்கேயே போகிறது.

வேறு இடம் சொல்வது கடினமல்ல. டி ட்ரைவைத் திறந்து, மென்பொருள்களுக்கென்று ஒரு கோப்புறையை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு நிறுவத் தொடங்குங்கள். ‘கஸ்டம்’ அல்லது ‘அட்வான்ஸ்ட்’ என்றொரு தெரிவு வந்தால் அதையே எடுங்கள். ஒரு பெட்டியில் சி என்ற எழுத்தோடு தொடங்கும் ஒரு முகவரி தெரியும். அதன் பக்கத்தில் ‘பிரவுஸ்’ அல்லது ‘சேஞ்ச்’ என்றிருக்கும். அதை அழுத்தி, டி ட்ரைவில் நீங்கள் உருவாக்கிய கோப்புறையைக் காட்டிக் கொடுங்கள். முகவரி மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துவிட்டு, அதன் பிறகு ‘நெக்ஸ்ட்’ அமத்துங்கள். இவ்வளவுதான். கோப்புறை இல்லாமல் வெறுமனே டி என்று மட்டும் கொடுத்தால், சில மென்பொருள்கள் தமது கோப்புகளை அந்த ட்ரைவ் முழுவதும் சிதறிப் போட்டுவிடும். பிறகு எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.

சில மென்பொருள்கள் இடத்தைக் கேட்பதேயில்லை. இன்றைய மைக்ரோசொப்ட் ஒபிஸ் அப்படிப்பட்டது. அது விண்டோஸ் இருக்கும் ட்ரைவில்தான் நிறுவப்படும். அதோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளையும், பிரிண்டர் போன்ற கருவிகளுக்கான மென்பொருளையும்கூட சி ட்ரைவிலேயே விட்டுவிடுவது நல்லது. விண்டோஸின் ஸ்டோரிலிருந்து எடுப்பவற்றுக்கு வேறு வழி உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் சேமிப்பிடம் பற்றிய பகுதிக்குப் போனால், புதிய செயலிகள் எந்த ட்ரைவில் சேர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஏற்கனவே நிறுவிய சில செயலிகளுக்குப் பக்கத்தில் ‘மூவ்’ என்ற தெரிவும் இருக்கும்.

அப்படியானால் நான் வெட்டி ஒட்டியது ஏன் பிழைத்தது? மகள் இதை எனக்கு விளங்கும் விதமாகச் சொன்னாள். “வாப்பா, உங்கட வகுப்பில ஒரு பிள்ளை இடாப்பில பேர் மாத்தாம, தானா எழும்பிப் போய் மற்ற வகுப்பில இருந்தா என்ன நடக்கும்?” என்று கேட்டாள். பெயர் கூப்பிட்டால் பதில் வராது என்றேன். “அதுதான் நடந்தது” என்றாள். ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது எங்கே இருக்கிறது, அதற்குத் தேவையான துண்டுகள் எவை என்பதையெல்லாம் விண்டோஸ் தனது இடாப்பில் எழுதிக்கொள்கிறது. ‘ரெஜிஸ்ட்ரி’ என்பது அதன் பெயர். கோப்புறையை மட்டும் தூக்கி வேறிடத்தில் வைத்தால் இடாப்பு மாறாது. விண்டோஸ் பழைய இடத்தில் போய்க் கூப்பிட்டுவிட்டு, ஆளில்லை என்று திரும்பிவிடும்.

ஆகவே நிறுவிய ஒன்றை இடம் மாற்ற வேண்டுமானால் முறைப்படி மாற்ற வேண்டும். அதன் இலக்கம், கடவுச்சொல் முதலியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, அதில் நீங்கள் செய்த வேலைகளை வேறாகச் சேமித்துவிட்டு, செட்டிங்ஸின் செயலிகள் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். பிறகு புதிதாக டி ட்ரைவில் நிறுவுங்கள். அப்படிச் செய்தாலும் அதன் ஒரு பங்கு சி ட்ரைவில் இருக்கத்தான் செய்யும். அதன் பதிவும், சில அமைப்புகளும் அங்கேதான் எழுதப்படும். ஆகவே சி ட்ரைவைப் புதிதாக அமைத்தால், டி ட்ரைவில் கோப்புறை அப்படியே இருந்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் வேலை செய்யாது. மீண்டும் நிறுவ வேண்டும். ஷாமிலா போன்ற சில மட்டும் இதற்கு விதிவிலக்கு. நான் இப்போது அந்தக் கோப்புறையை டி ட்ரைவில் வைத்திருக்கிறேன். அங்கிருந்தே திறக்கிறேன்.

இன்னொரு விடயம். லெப்டொப்புகள் சிலவற்றில் சி ட்ரைவ் வேகமான எஸ்எஸ்டி தட்டாகவும், டி ட்ரைவ் பழைய சுழலும் தட்டாகவும் இருக்கும். அப்படியானால் டியில் நிறுவும் மென்பொருள் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். தினமும் பாவிப்பதை சியில் வைத்துக்கொண்டு, எப்போதாவது திறக்கும் பெரிய மென்பொருளையும், படங்களையும், வீடியோக்களையும் டிக்கு அனுப்புவது புத்தி. பென் ட்ரைவில் மென்பொருளை நிறுவுவதும் சிரமம் தரும். கழற்றினால் வேலை செய்யாது. மறுபடி செருகும்போது அதன் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எங்கள் வீட்டில் நட்டம் வந்த இடம். மென்பொருள் போனால் மறுபடி நிறுவலாம். நாம் எழுதியது போனால் யாரிடம் போய் வாங்குவது? ‘டொகியூமென்ட்ஸ்’ கோப்புறையின் மேல் வலப்பக்கப் பட்டனை அழுத்தி, ‘புரொப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘லொக்கேஷன்’ என்ற பகுதியில் ‘மூவ்’ கொடுத்தால் அதை டி ட்ரைவில் உள்ள ஒரு கோப்புறைக்கு மாற்றலாம். டெஸ்க்டொப்பையும் இப்படியே மாற்றலாம். இங்கேயும் வெறும் டி என்று கொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை காட்டுங்கள். எனது மனைவி முன்பு போலவே திரையில் முன்னால் வைக்கிறார். அவர் தனது பழக்கத்தை மாற்றவில்லை. வைக்கும் பொருள் போய்ச் சேரும் இடத்தை மட்டும் மகள் மாற்றிக் கொடுத்தாள்.

ஆனால் டி ட்ரைவும் பாதுகாப்பான பெட்டகமல்ல. நடுவே பலகை அடித்த அறை என்று முதலில் சொன்னேன் அல்லவா? வீடு எரிந்தால் இரண்டு அறைகளும்தான் எரியும். வன்தட்டுப் பழுதடைந்தால் சியும் டியும் ஒன்றாகவே போய்விடும். லெப்டொப் களவு போனாலும் அப்படித்தான். ஆகவே இன்னொரு பிரதி அந்த இயந்திரத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

இனி, அந்தக் கணக்குகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள்.

மனைவி என்னோடு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ரமழானுக்கு முந்திய இரவு ஒரு புதுக் கொப்பியை எடுத்து, ஞாபகத்தில் இருந்ததை எழுதத் தொடங்கினார். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. பல பெயர்களுக்கு நேரே தொகை வரவில்லை. “ஞாபகமில்லாதத நான் கேட்கப் போறதில்ல. ஆனா முற்பணம் தந்த ஆக்கள் இருக்காங்க. அவங்கட காசு என்ட கையில அமானிதம். அதுக்காகவாவது போகத்தான் வேணும்” என்றார்.

நோன்போடு, மகளையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போனார். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். “நீங்க தந்தது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்டு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். நான் கூடப் போகவில்லை. போவதற்கு முகம் இருக்கவில்லை. மாலையில் அவர் வந்து சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். கொடுக்க ஒன்றுமில்லை, எல்லாம் தீர்த்துவிட்டேன் என்று இரண்டொருவர் சொன்னார்கள். அப்படியே எழுதச் சொன்னார். அந்த நாட்களில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் அவர்கள். யாரைக் குறை சொல்வது? ஆனால் அதிகமானோர் தங்கள் கடனைத் தாங்களே சொன்னார்கள். ஒரு வயதான உம்மா, மனைவியின் ஞாபகத்தில் 1,200 ரூபா என்றிருந்த தொகையை, “இல்ல மகள், ரெண்டு தரம் தச்ச, 1,800 வரும்” என்று திருத்தியிருக்கிறார். அதில் 500 ரூபாவை அப்போதே மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். அந்த வரியை எழுதும்போது எனது கை நின்றுவிட்டது.

அன்றிரவுதான் மாமியின் அலுமாரி எனது நினைவுக்கு வந்தது. மாமி இப்போது உயிரோடில்லை. எனது கிதாபுகள் இன்னும் அந்த அலுமாரியில்தான் இருக்கின்றன. அவரது கோப்பைகள் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தன. கொம்பியூட்டரிலும் எனது கிதாபுகள் போய் உட்கார்ந்தது மகளின் மனைவியின் சாமான்கள் இருந்த சின்ன அறையில்தான். இரண்டு தடவையும் யாருடைய இடம் இது என்று நான் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அலுமாரியில் இரண்டு தட்டுகளை ஒழித்தேன். மனைவி கோப்பைகளைக் கழுவி அதில் அடுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. புதிதாக எதையும் நிறுவுவதற்கு முன், எந்த ட்ரைவில் என்று மூன்று பேரும் பேசிக்கொள்வோம். இயந்திரம் திருத்தப் போவதாக இருந்தால், “உங்கட சாமான் எங்க இருக்கு?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி, பிரதி எடுத்த பிறகே கொண்டுபோவேன். வியாழக்கிழமை இரவில் கணக்குப் பட்டியலை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுப்பது எனது பொறுப்பு. அந்தப் பென் ட்ரைவ் காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் இருக்கிறது.

மனைவி அந்தக் கொப்பியையும் விடவில்லை. கொம்பியூட்டரில் பதிந்த பிறகு கொப்பியிலும் ஒரு வரி எழுதுகிறார். இரட்டை வேலைதானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “நீங்க வீட்டில இருக்கிற வரைக்கும் கொப்பியும் இருக்கட்டும்” என்றார். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உங்கள் வீட்டு லெப்டொப்பில் உங்களுடைய சாமான் எந்த ட்ரைவில் இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள் சகோதரிகளே.